ஒருவர் இன்னும் உறங்குகிறார்

வெள்ளியம்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மணியை அடிப்பதற்கு அந்தப் பள்ளியில் எவருக்கும் அதிகாரம் இல்லை. தலைமையாசிரியர் பொன்னுசாமிக்கும் இல்லை. ஆண்டாண்டுக் காலமாக அதன் நாவை ஆட்டிப் பழகிய அலுவலக உதவியாளர் மாரண்ணனுக்கும் இல்லை. அது தானாகவே அடித்துக்கொள்ளும். பள்ளியின் மதிற்சுவருக்குள் இருப்பவர்கள் அத்தனை பேரும் முழுமையாக விழித்துக்கொண்ட பிறகுதான் அடிக்கும். ஒரே ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் வாயைத் திறக்காது.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். ஒவ்வொரு மாணவரின் மணிக்கட்டிலும் ஒரு நீலக் கயிறு. பார்வைக்குக் கோயிலில் கட்டிவிடும் காப்புக் கயிற்றைப் போலவே இருக்கும். அதன் புரிகளுக்குள் நாடியையும் உடற்சூட்டையும் அறிந்து சொல்லும் நுண்ணிழைகள் ஓடின. கையில் கட்டிக்கொண்டு மதிலுக்குள் காலை வைத்தால் கணக்கில் சேர்ந்துவிடும்; வெளியே போனால் கணக்கிலிருந்து நீங்கிவிடும். மணிக்கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு, அதன் கீழே ஓர் எண். எத்தனை பேர் உறங்குகிறார்களோ அதுவே அந்த எண். அது பூஜ்யத்தைத் தொட்டதும் விளக்கு பச்சையாகும், மணி அடிக்கும், பள்ளி தொடங்கும்.

கணித ஆசிரியை கலாமணிக்குத் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு அறவே பிடிக்கவில்லை. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. காலை ஆறு மணிச் சிறப்பு வகுப்பு என்பது அவர் நட்டு, நீர் ஊற்றி, வேலி கட்டி வளர்த்த மரம். மழையானாலும் பனியானாலும் ஐந்தே முக்காலுக்குக் கையில் சுண்ணக்கட்டியோடு வாசலில் நிற்பார். "கோழி கூப்பிடறதுக்கு முன்ன எந்திரிக்காத புள்ள எங்கீங்க உருப்படப் போகுது?" என்பது ஊரறிந்த அவருடைய வாசகம். அந்த மரத்தை வெட்டத்தான், இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு, ஃபர்ஹானா என்னும் இளம் பொறியாளர் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தார்.

"டீச்சர், பதிமூணு பதினாலு வயசாச்சுன்னா உடம்புக்குள்ள இருக்கற கடிகாரம் தானாவே தள்ளிப் போயிடும்," என்று ஃபர்ஹானா பணிவாகத்தான் விளக்கினார். "அது சோம்பேறித்தனம் இல்ல, வளர்ச்சி. சீக்கிரம் படுன்னு சொன்னாலும் அந்த உடம்புக்குத் தூக்கம் வராது. அஞ்சு மணிக்கு எழுப்பினா, நம்மள நடுராத்திரியில எழுப்பின மாதிரி. பாதித் தூக்கத்துல கேட்ட பாடம் மனசுல தங்காது. பகல்ல படிச்சதைப் பத்திரமா எடுத்து வைக்கற வேலையே தூக்கத்துலதான் நடக்குது."

"நானே மூணரை மணிக்குத்தானம்மா எந்திரிக்கறேன்," என்றார் கலாமணி, சற்றே பெருமையோடு. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். எனக்கென்ன கொறஞ்சா போச்சு?"

ஃபர்ஹானா அவருடைய கண்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் கயிற்றுப் பெட்டியைத் திறந்தார்.

பிடிக்காத காரியமானாலும் அதில் ஒரு நேர்மையைக் கடைப்பிடிப்பவர் கலாமணி. பெற்றோர் கூட்டத்தில், கயிறு மின்சாரம் பாய்ச்சுமோ, பிள்ளைகளின் மூளையைக் கலக்குமோ என்று தாய்மார்கள் கலங்கி நின்றபோது, அவர்தான் முதலில் எழுந்து கையை நீட்டினார். "எனக்குக் கட்டுங்கம்மா. புள்ளைக்குக் குடுக்கற மருந்த நாம மொதல்ல நாக்குல வெச்சுப் பாக்கோணுமல்ல?" கட்டிக்கொண்டு கையை உதறிக் காட்டினார். "கரண்டும் அடிக்கல, ஒரு மண்ணும் அடிக்கல." கூட்டம் சிரித்தது. கயிறுகள் கட்டப்பட்டன. அவருடைய கயிறு இரண்டு வளையல்களுக்கு நடுவே புகுந்து, நாளடைவில் மூன்றாவது வளையலாகவே ஆகிவிட்டது. கட்டிய கையும் அதை மறந்தது. பார்த்த கண்களும் மறந்தன.

முதல் மாதத்தில் மணி பத்து மணிக்கும் அடித்தது, பத்தரைக்கும் அடித்தது. ஊரே சிரித்தது. பேருந்து நடத்துநர், "வெள்ளியம்புதூர் எறங்கறவங்க எல்லாம் எந்திரிங்க. தூங்கறவங்க பள்ளிக்கூடத்துல போய்த் தூங்குங்க," என்று கூவினார். பதினொன்றாம் வகுப்புக் கவினுடைய கயிறுதான் பெரும்பாலும் கடைசியில் நின்றது. அவன் பால்காரர் வீட்டுப் பிள்ளை. விடியும் முன்பே இருபது வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு வருபவன். வகுப்புத் தோழன் ஒருவன் கத்தரிக்கோலோடு அவனை நெருங்கியதைக் கலாமணி பார்த்துவிட்டார்.

"என்றா பண்ற?"

"கயித்த அறுத்துட்டா மணி அடிச்சுருமுங்க டீச்சர்."

"கயித்த அறுத்தா மணி அடிச்சுரும். அவன் எந்திரிச்சிருவானா?"

கத்தரிக்கோல் பைக்குள் போய்விட்டது. கலாமணி அதைச் சொன்னது என்னவோ ஏமாற்று வேலை பிடிக்காத கோபத்தில்தான். ஆனால் அந்தச் சொல் பள்ளி முழுவதும் பரவி, ஒரு சட்டத்தைப் போல நிலைத்துவிட்டது. அறுநூறு பிள்ளைகள் தன் மகனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது காதுக்கு எட்டியதும், கவினுடைய தந்தை இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மூன்றாம் நாளிலிருந்து பால் கேனை அவரே சுமந்தார்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் அது நடந்தது. கலாமணி கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிறுவிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "டீச்சர், இத வேற வழியிலயும் போட்டுப் பாக்கலாமுங்க." கவின் எழுந்து வந்தான். நான்கே வரிகளில் முடித்தான். இரண்டு ஆண்டுகளாக அவர் கண்ணெதிரே உறங்கிக்கொண்டிருந்தவன். இவனுக்குக் கணக்கு வராது என்று அவர் தீர்மானமாகக் கைகழுவியிருந்தவன். அந்த நான்கு வரிகளை அழிக்க மனம் வராமல் அன்று முழுவதும் பலகையின் மறுபாதியிலேயே கலாமணி பாடம் நடத்தினார். மறுநாள் தலைமையாசிரியரிடம் போய், "ஆறு மணி வகுப்பு இனி வேண்டாமுங்க சார். எந்தக் காலத்துலயும் வேண்டாம்," என்றார். பொன்னுசாமி தம் காதைத் தாமே நம்பாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்படி எல்லாம் கூடிவரும் வேளையில்தான் சிக்கல் முளைத்தது.

பிள்ளைகள் நன்றாக உறங்கி, நன்றாக விழித்து வரத் தொடங்கியிருந்தார்கள். எண் மளமளவென்று இறங்கியது. ஒன்பது மணிக்கெல்லாம் ஒன்றுக்கு வந்துவிடும். வந்து, அங்கேயே நின்றுவிடும். ஒன்பதேகால், ஒன்பதரை, சில நாட்களில் பத்து. யாரோ ஒருவர் இன்னும் உறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் ஒருவர்.

மார்கழியில் ஆய்வு வரப்போவதாகத் தாக்கீது வந்தது. அன்று ஒன்பதரைக்குள் மணி அடிக்காவிட்டால் இந்த ஏற்பாடு கைவிடப்படும். பழையபடி ஏழு மணிப் பள்ளியும் ஆறு மணி வகுப்பும் திரும்பிவிடும். இடையில் இருந்தது இரண்டு வாரம். கவின் மறுபடியும் கடைசி வரிசையில் தலை சாய்வான் என்ற எண்ணமே கலாமணியின் நெஞ்சில் கல்லாய் இறங்கியது.

அவர் ஃபர்ஹானாவை அழைத்து வரச் செய்தார். "அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லிரும்மா. நான் வீட்டுக்கே போயிப் பேசிக்கறேன்."

"எனக்கே தெரியாது டீச்சர். யார் தூங்கறாங்கன்னு வெளிய தெரியக் கூடாதுன்னுதான் பேரையே பதியாம விட்டோம்."

"அப்ப பத்துல ஒம்போது பேரு முழிச்சா அடிக்கற மாதிரி மாத்திரலாமல்ல?"

"மொதல்ல வேற ஊர்ல அப்படித்தான் வச்சோம். விட்டுப்போற அந்தப் பத்தாவது ஆள் தினமும் ஒரே ஆளா இருந்தாங்க. தறி ஓட்டற வீட்டுப் பொண்ணு, சந்தையில மூட்டை எறக்கற பையன். யாருக்குத் தூக்கம் அதிகமா வேணுமோ அவங்களை விட்டுட்டு மணி அடிச்சுது. அதனாலதான் இப்ப எல்லாரும்னு வச்சோம்." ஃபர்ஹானா தம் கையிலிருந்த திரையை உற்றுப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லலாம். இவங்க படுத்துத் தூங்கல. நடக்கறாங்க. மாடிப்படி ஏறறாங்க, இறங்கறாங்க."

"தூங்கிட்டே மாடி ஏறுமா ஒரு புள்ள?"

"கண் திறந்துதான் இருக்கும் டீச்சர். கை கால் பழக்கத்துல வேலை செய்யும். மூளை மட்டும் துண்டு துண்டாப் பாயை விரிச்சுப் படுத்துக்கும். ரெண்டு நொடி, மூணு நொடி. பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது. பல வருஷமாத் தூக்கம் பத்தாதவங்களுக்கு இது சகஜம். அவங்களுக்கே தெரியாது."

அன்று முதல் கலாமணி வேட்டையில் இறங்கினார். வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் பதினேழாம் வாய்பாடு கேட்டார். ஆறாம் வகுப்புக் குழந்தைகளின் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பின் பவதாரணியை நிறுத்தி வைத்து, "என்ன அம்மிணி, கண்ணு செவந்திருக்குது?" என்று அதட்டினார்.

"எட்டு மணிக்கு எந்திரிச்சு, நாலு இட்லி தின்னுபோட்டு வந்திருக்கனுங்க டீச்சர்," என்றாள் பவதாரணி. "இதுக்கு மேல முழிச்சா கண்ணு கழண்டு கீழ விழுந்துருமுங்க."

எவரும் அகப்படவில்லை. ஒரு வாரம் கழிந்தது. கடைசியில் கலாமணிக்குக் கணக்கு ஆசிரியைக்கே உரிய ஓர் உபாயம் தோன்றியது. ஒவ்வொரு வகுப்பாகக் கழித்துக்கொண்டே போவது. எந்த வகுப்பு மதிலைத் தாண்டும்போது எண் பூஜ்யமாகிறதோ அந்த வகுப்பில்தான் ஆள் இருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்பதேகாலுக்கு எண் வழக்கம்போல ஒன்றில் நின்றது. ஆறாம் வகுப்பு வரிசையாக வாசலுக்கு வெளியே போனது. ஒன்று. ஏழாம் வகுப்பு போனது. ஒன்று. எட்டு, ஒன்பது, பத்து. சாலையோரத்துப் புளிய மரங்களின் கீழே திருவிழாக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பு போனது. கவின் மதிலைத் தாண்டிய நொடியில் கலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பும் போய்விட்டது. முற்றம் வெறிச்சோடிக் கிடந்தது. எண் அசையவில்லை.

"இயந்திரம் கெட்டுப் போச்சுங்க," என்றார் மாரண்ணன், வெகு நாளாகக் காத்திருந்த திருப்தியோடு.

"நீங்களும் வெளிய போங்க மாரண்ணா."

"எனக்குக் கயிறே இல்லீங்களே. சாருக்கும் இல்லீங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். தலைமையாசிரியரும் பின்தொடர்ந்தார். கலாமணி மட்டும் முற்றத்தின் நடுவே நின்று விளக்கை முறைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு. ஒன்று.

வாசலுக்கு வெளியே பிள்ளைகளின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. அறுநூறு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலாமணி அவர்களுடைய பார்வையைத் தொடர்ந்து கீழே நோக்கினார். வளையலை மேலே தள்ளினார். அதற்குக் கீழே, சோப்புத் தண்ணீரிலும் மாவிலும் ஊறி நிறம் வெளுத்துப்போய், நீலக் கயிறு இருந்தது.

அவர் நடந்தார். ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தார். மறுகாலையும் வைத்தார். ஆளே இல்லாத பள்ளியில் விளக்கு பச்சையாகி, மணி கணீர் கணீரென்று அடித்தது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சிரிப்பு புளிய மரங்களை உலுக்கியது. கலாமணி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பிள்ளைகள் பதறியபோதுதான், தோள்கள் குலுங்குவது சிரிப்பால் என்பது தெரிந்தது. சிரித்து முடித்தபின் முகம் சற்று வாடியது உண்மை.

"இத்தன வருஷமும் தூங்கிட்டேவா கண்ணுகளா ஒங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன்?"

"தூக்கத்துலயே இத்தன நல்லா நடத்தறீங்கன்னா, முழிச்சு நடத்துனா நாங்க தாங்குவமுங்களா டீச்சர்?" என்றாள் பவதாரணி.

பொன்னுசாமி நிம்மதியோடு நெற்றியைத் துடைத்தார். "அப்ப ஒண்ணும் பெரிய விஷயமில்லீங்க டீச்சர். கயித்தக் கழட்டிருங்க. பிரச்சன தீந்துச்சு."

கலாமணியும் முடிச்சில் கை வைத்துவிட்டார். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து கவின் முன்னே வந்தான். எப்போதும் அதிகம் பேசாதவன்.

"கயித்தக் கழட்டுனா மணி அடிச்சுருமுங்க," என்றான். "நீங்க எந்திரிச்சிருவீங்ளா டீச்சர்?"

முடிச்சிலிருந்து கை தானாக விலகியது.

அன்று மாலை, அவருடைய கணவர் சென்னியப்பன் நூல் மில்லிலிருந்து வந்து முகம் கழுவிய கையோடு செய்தி சொல்லப்பட்டது. "நாளைல இருந்து நான் ஏழு மணி வரைக்கும் தூங்கறனுங்க."

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அரசாங்கத்து வேல."

சென்னியப்பன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்கு மில் வண்டி வரும். மகள் சிவரஞ்சனிக்கு ஆறரைக்குக் கல்லூரிப் பேருந்து. அவற்றுக்கு முன்பு இரண்டு பேருக்கும் பலகாரம், மூன்று தூக்குப் போசிகளில் மதியச் சோறு. இருபத்தைந்து ஆண்டுகளாக அவை எங்கிருந்து முளைக்கின்றன என்று அவர் கேட்டதில்லை. "அப்ப சோறு?" என்றார் இப்போது.

"அதத்தான் நானும் கேக்கறேன். அப்ப சோறு?"

சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இது கணக்கு டீச்சர் போட்ட கணக்கு. நாமதான் விடை கண்டுபுடிக்கோணும்."

பழக்கம் பொல்லாதது. மறுநாளும் மூன்றரைக்கே விழிப்பு வந்துவிட்டது. கலாமணி போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக் கிடந்தார். சமையலறையில் ஏதோ உருண்டது. கடுகு வெடிக்கும் ஓசை, கருகும் வாசனை. "ரஞ்சனி, இந்த மிக்ஸி மூடிய எப்படியம்மா போடறது?" என்ற ஈனக் குரல். எழுந்து ஓடத் துடித்த கால்களை அவர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார். கடவுளே, பெருங்காயத்தை அள்ளிக் கொட்டுகிறாரே மனிதர்! இரண்டாம் நாளும் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் கடுகு வெடிக்கும் ஓசை கனவுக்குள் மழையாகக் கேட்டது. நான்காம் நாள் எதுவுமே கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் கண் விழித்தபோது சன்னல் வழியே வெயில் தலையணைக்கு வந்திருந்தது. எழுந்து நின்றார். தலைக்குள் எப்போதும் இருக்கும் ஒரு மெல்லிய இரைச்சல், உலகத்தின் ஓசையே அதுதான் என்று அவர் எண்ணியிருந்த இரைச்சல், நின்றுபோயிருந்தது. கொல்லைக் கொய்யா மரத்தில் இத்தனை பச்சையா? கல்லூரி விடுமுறையானதால் வீட்டிலிருந்த சிவரஞ்சனி, தன் தோழியைப் பற்றிய நீண்ட கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கலாமணி இடையில் இரண்டு கேள்விகள் கேட்டார். மகள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லம்மா. நீ வெறும் 'ம்' கொட்டாம கேள்வி கேட்டியா, அதான்."

கலாமணி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்று பள்ளி மணி ஒன்பதேகாலுக்கு அடித்தது. மறுநாள் அதற்கும் முன்பே அடித்துவிட்டது.

ஆய்வு நாளும் வந்தது. பள்ளி வாசலில் மாக்கோலம், மாவிலைத் தோரணம். ஆய்வு அலுவலர் இன்பவல்லி அம்மையார் எட்டே முக்காலுக்கு ஜீப்பிலிருந்து இறங்கினார். விறைப்பான பருத்திச் சேலை, விறைப்பான நடை. சென்னையிலிருந்து இரவு இரயிலில் ஈரோட்டுக்கு வந்து, ஏழு மணிக்கே வேறொரு பள்ளியை ஆய்வு செய்துவிட்டு நேராக இங்கு வந்திருந்தார்.

வீட்டுக்கு ஒறம்பரையாக விருந்தினர் வந்தால் வாசலிலேயே சந்தனமும் குங்குமமும் கல்கண்டும் நீட்டி வரவேற்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் தட்டோடு நின்றார்கள். அம்மையார் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார். கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார். தட்டில் இன்னும் ஏதோ இருந்தது. "கையக் காட்டுங்கம்மா," என்றாள் இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி. அம்மையார் புன்னகையோடு கையை நீட்டினார். மாரண்ணன் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார், தலைமையாசிரியர் மாலையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சிறு உபசாரத்தை எவரும் கவனிக்கவில்லை.

ஒன்பது மணி. எல்லோருடைய கண்களும் கம்பத்தின் மேல். நாற்பது. பதினெட்டு. ஐந்து. இரண்டு. ஒன்று.

ஒன்று.

எண் நின்றுவிட்டது. ஒன்பதேகால் ஆயிற்று. பிள்ளைகள் மெல்லத் திரும்பிக் கலாமணியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் குறை இல்லை, கவலைதான் இருந்தது. அவர் தமக்குள் பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லிப் பார்த்தார். தொடையைக் கிள்ளிப் பார்த்தார். முந்தைய இரவு நன்றாகத்தானே உறங்கினோம்? ஒருவேளை உறங்கியதாகக் கனவு கண்டோமோ? தூங்குபவருக்கே தெரியாது என்று ஃபர்ஹானா சொல்லியிருந்தாரே.

"இந்த ஒண்ணு யாருங்க சார்?" என்று கேட்டார் அம்மையார்.

"அது வந்துங்கம்மா..." பொன்னுசாமியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. "எங்க கணக்கு டீச்சருங்க. ரொம்ப நல்லவங்க. அவங்களத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க."

கடிகாரத்தின் முள் ஒன்பதரையை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. கலாமணி கவினைப் பார்த்தார். தம்முடைய சொல் பெரிதா, இந்தப் பிள்ளைகளின் உறக்கம் பெரிதா? எடுத்த முடிவு கால்களுக்கு வந்துவிட்டது. அவர் வாசலை நோக்கி நடந்தார்.

"டீச்சர், வேண்டாமுங்க!" என்று கவின் கத்தினான்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கண்ணு," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, கலாமணி மதிலைத் தாண்டிச் சாலையில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தார்.

மணி அடிக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். விளக்கு சிவப்பாகவே இருந்தது. எண் ஒன்றாகவே இருந்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. நான் இல்லை! நான் விழித்திருக்கிறேன்! சாலை நடுவே நின்று அவர் கைகொட்டிச் சிரித்ததை, ஆட்டு மந்தையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அச்சத்தோடு பார்த்துவிட்டு ஒதுங்கி நடந்தார்.

அப்படியானால் யார்? வெளியிலிருந்து முற்றத்தைப் பார்த்தபோது, அதுவரை கண்ணில் படாதது பட்டது. ஆய்வு அலுவலர் கம்பம் போல நிமிர்ந்து நின்றிருந்தார். கண்கள் அகலத் திறந்திருந்தன. கையிலிருந்த பேனா தலைகீழாக இருந்தது. "இந்த ஒண்ணு யாருங்க சார்?" என்று அவர் பொன்னுசாமியிடம் மறுபடியும், புதிதாகக் கேட்பதைப் போலவே கேட்டார். பேனா பிடித்த மணிக்கட்டில் பளிச்சென்று ஒரு நீலக் கயிறு.

கலாமணி விரைந்து உள்ளே வந்து தலைமையாசிரியரின் காதில் சொன்னார். பொன்னுசாமிக்கு வியர்வை இரட்டிப்பாயிற்று. "ஐயோ டீச்சர்! ஆய்வுக்கு வந்தவங்ககிட்டப் போயி, நீங்க தூங்கறீங்கன்னு எப்படீங்க சொல்றது? பேசாம கயித்தக் கழட்டச் சொல்லிருவோம்."

"கழட்டச் சொல்லாதீங்க சார்," என்றார் கலாமணி. பிறகு அம்மையாரின் அருகில் சென்று, தணிந்த குரலில், "அம்மா, ராத்திரி தூங்குனீங்ளா?" என்று கேட்டார்.

இன்பவல்லி அம்மையார் வெகு தொலைவிலிருந்து திரும்பி வருபவரைப் போல அவரைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு நெடுங்காலம் ஆகியிருக்க வேண்டும். "ரயில்லயா? எங்கம்மா தூங்கறது. இந்த வாரத்துல இது நாலாவது ஊர். பரவாயில்ல, பழகிடுச்சு."

"எனக்கும் பழகித்தாங்க இருந்துச்சு. வாங்க, செத்த நேரம் இப்படி உக்காருங்க."

புங்க மர நிழலில் கைவைத்த நாற்காலி போடப்பட்டது. "அஞ்சு நிமிஷம்," என்று சொல்லி அமர்ந்தார் அம்மையார். 'நிமிஷம்' என்ற சொல்லின் கடைசி எழுத்து முழுதாக வெளிவரவில்லை. தலை சாய்ந்துவிட்டது.

பிறகு நடந்தது அந்த ஊரில் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒருவரும் ஆணையிடவில்லை. அறுநூறு பிள்ளைகள் நின்ற இடத்திலேயே மண்ணில் அமர்ந்தார்கள். பவதாரணி ஆறாம் வகுப்பின் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். கரைய வந்த காக்கைகளை மாரண்ணன் தோள் துண்டை வீசி அக்கட்டால, மதிலுக்கு வெளியே, ஓட்டினார். சாலையில் ஒலிப்பானை அழுத்த வந்த பேருந்துக்குக் குறுக்கே கவின் ஓடிப்போய்க் கைகூப்பி நின்றான். நடத்துநர் எட்டிப் பார்த்துவிட்டு விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்பதரை கடந்து போயிற்று. அதைக் குறித்துக்கொள்ள வேண்டியவர் மெல்லிய குறட்டையோடு உறங்கிக்கொண்டிருந்தார். பொன்னுசாமி மட்டும் கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்குப் புங்க மரத்திலிருந்து ஓர் இலை அம்மையாரின் மடியில் விழுந்தது. அவர் கண் விழித்தார். எதிரே அறுநூறு முகங்கள். கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மணி அடித்தது.

"என்ன சத்தம் அது?"

"மணிங்கம்மா," என்றார் கலாமணி. "நீங்க எந்திரிக்கற வரைக்கும் காத்திருந்துச்சுங்க."

அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கு அருகிலிருந்த கயிற்றைப் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்த அவருடைய முகத்தில் முதலில் வெட்கம் வந்தது. பிறகு கண்களில் ஏதோ மின்னியது. கடைசியில், அந்த விறைப்பான சேலைக்குள்ளிருந்து யாரும் எதிர்பாராத ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. பள்ளியே சேர்ந்து சிரித்தது.

"பிள்ளைங்களும் டீச்சரும் எத்தன மணிக்கு முழிச்சீங்க?" என்று கேட்டார், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு.

ஃபர்ஹானா அனுப்பி வைத்திருந்த திரையைப் பொன்னுசாமி நீட்டினார். எண் ஒன்றுக்கு வந்து நின்றது ஒன்பது ஐந்துக்கு. அம்மையார் தலையை அசைத்தார். "நான் ஆய்வு பண்ண வந்தது இந்தப் பள்ளிக்கூடத்தை. என்னை இல்ல. இவங்களுக்கு ஒன்பது அஞ்சுக்கே மணி அடிச்சாச்சு சார்." பேனாவைத் தலை நேராகத் திருப்பிப் பிடித்து, ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். கவின் தலைக்கு மேலே யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள்.

ஜீப்பில் ஏறும்போது அம்மையார் கைப்பேசியில் பேசுவது கேட்டது. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வர்றேன்னு ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருந்தோம் இல்ல? பத்து மணின்னு மாத்திடுங்க. ஆமா, நான்தான் பேசறேன். இல்லப்பா, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கயிறு அரசாங்கச் சொத்து என்பது மாரண்ணனுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜீப்பின் சன்னலருகே பணிவோடு நீட்டினார். இன்பவல்லி அம்மையார் தட்டைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு கல்கண்டை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் மணிக்கட்டை மூடிக்கொண்டார்.